ஞானசேகரன் திரும்பக் கேட்ட குரல்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

ஹெப்பாள் மேம்பாலத்தில் காலேஜ் பஸ் நின்றது நின்றபடி. வேதாக்கா என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டாள். பஸ்ஸுக்குள் இருக்கும்வரை அவள் வேதாக்கா. கேட்டைத் தாண்டியதும் முனைவர் வேதநாயகி, பேச்சு-செவித்திறன் துறைத் தலைவர், 'மேடம்'. இந்த மாற்றம் எனக்குப் பழகிவிட்டது. அவளுக்குத்தான் சில நாள் கேட்டுக்கு உள்ளேயும் தூக்கம் கலைவதில்லை.

இன்று மெக்கானிக்கல் துறையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது. திறந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஃபைனல்', 'காட் ப்ராமிஸ் ஃபைனல்' என்று நான்கு. எதை வைத்துக்கொள்ள என்று அனுப்பியவரைக் கேட்டேன். "தேதி பாருங்க மேடம்" என்றார். பார்த்தேன். நான்கும் ஒரே தேதி.

போன ஜூன்வரை நூலகத்தில் புத்தக முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஆய்வுத் தரவு மேலாளர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காக யார் எதை அளந்தாலும், படம் எடுத்தாலும், பதிவு செய்தாலும் அது எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதைக் கவனிக்கிற வேலை. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் டேட்டா ஆன்ட்டி. பிரசன்னா தன் அம்மாவிடம், "கேரல் கம்ப்யூட்டருக்குள்ள பீரோ அடுக்கறா" என்று விளக்கினான். கட்டிய கணவனாக இருந்துகொண்டு இப்படியா சொல்வது என்று சண்டைக்குப் போனேன். யோசித்தால் கிட்டத்தட்ட சரிதான்.

பிப்ரவரி 12, புதன்

மத்தியானம் வேதாக்காவின் எலுமிச்சை சாதம் என் டப்பாவிலும், என் மீன் குழம்பு அவள் டப்பாவிலும் போய்ச் சேர்ந்தன. சாப்பிட்டுக்கொண்டே தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாள். எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பிடிக்கிற விஷயம் அது.

ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேச்சு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. படம் காட்டிப் பெயர் கேட்பார்கள், கதை சொல்லச் சொல்வார்கள். தமிழில் இருக்கிற சோதனை புத்தகத் தமிழில் இருக்கிறது. வெங்காயப் படத்தைக் காட்டினால் இங்கே சிலர் கன்னடம் கலந்து 'ஈருள்ளி' என்பார்கள். உடனே 'சொல் மறந்துவிட்டது' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். "மறக்கலடி, பெங்களூர்ல பொறந்துட்டாங்க, அவ்ளோதான்" என்கிறாள் அக்கா. அதனால் பெங்களூர்த் தமிழுக்கென்று புதுச் சோதனை ஒன்றை உருவாக்குகிறாள். அதற்காக இரண்டு வருஷமாக நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். இந்தக் கல்வியாண்டுக்குள் முடித்தால் மருத்துவமனைகளில் கொடுத்துப் பார்க்கலாம்.

சேஷகிரி சாரும் அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுதியிருந்தார். மின்னணுத் துறை. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் இயந்திரம் ஒன்றைப் பழக்குகிறார். ஃபோல்டரின் மேல் 'பெயர்கள் நீக்கப்பட்டவை' என்று இருந்தது. அனுமதி கொடுத்துவிட்டேன். ஒரு கிளிக்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வேதாக்காவின் ஆராய்ச்சிக்குப் பதிவு கொடுத்த எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினேன். உங்கள் குரலை வேறு ஊர் ஆய்வாளர்களும் பயன்படுத்த அனுமதிப்பீர்களா, விருப்பமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று. தமிழிலேயே எழுதினேன். முதலில் எழுதியதைப் பிரசன்னாவிடம் காட்டினேன். "கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றான். மாற்றி எழுதினேன். பதில் வரத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் கைகூப்பிய படங்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 1, சனி

பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் நாள். மைதானம் முழுக்கப் பந்தல். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களை இழுத்துக்கொண்டு அப்பா அம்மாக்கள், ஐஸ்க்ரீம். சேஷகிரி சாரின் ஸ்டாலில்தான் கூட்டம். அவருடைய இயந்திரம் பெங்களூர்த் தமிழை எழுத்தாக்கிக் காட்டுகிறதாம். என்னமோ ஒலிக்கிறது, திரையில் எழுத்து ஓடுகிறது, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எட்டிப் பார்க்க இடமில்லை. "நோடி மேடம், பாருங்க, சூப்பர் ஹிட்டு" என்று தலைக்கு மேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். மொசம்பி ஜூஸ் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நல்ல நாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஞானசேகரன். கோலார் தங்கவயலில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டை இயக்கியவர். இப்போது ஆஸ்டின் டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வலது கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. சிவாஜிநகரில் பஸ் மாறி, கையில் கோலோடு தனியாக வந்திருக்கிறார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீங்கதான் மெசேஜ் போட்டீங்களா?"

"ஆமாய்யா."

"என்னோட பேச்சு… எனக்கு… வாபஸ் வேணும்மா."

ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைக்கிறார். ஆனால் எடுத்துவிட்டால் தெளிவு. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றேன். அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த மேடம் சமையல் படம் காட்டி, எதுன்னா பேசுங்கோன்னாங்கோ. நானு… எங்க மருமவ ஷோபா பிரியாணியப் பத்தி… இன்னாத்துக்கோ பேசிட்டேன். அவ தங்கமான பொண்ணும்மா. நான் படுத்துக் கெடந்தப்ப அவதான் எல்லாம். அது வெளியூருக்குப் போயி, அவ காதுல விழுந்துச்சுன்னா… நான் எந்த மூஞ்சிய வெச்சினு அந்த வூட்ல சோறு துன்னுவேன்?"

இன்று வந்ததே அவளுக்குத் தெரியாதாம். பழைய சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எளிய வேலை. ஒரு கோப்பை அழிக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

எளிய வேலை இல்லை.

அழிப்பதற்குமுன் சரியான பதிவுதானா என்று போட்டுக் கேட்டேன். அவரேதான். இடையிடையே நீண்ட மௌனம், அப்புறம்:

"எங்க மருமவ ஷோபா பிரியாணி பண்ணுவா… அரிசி ஒரு பக்கம்… கறி ஒரு பக்கம்… ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. நான் பக்கத்து வூட்டு நாய்க்குப் போட்டுடுவேன். அதுவும் மோந்து பாத்துட்டு… என்னைப் பாக்கும்."

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பெயர் நீக்கப்பட்டவை என்று போட்டிருக்கிறது. உள்ளே ஷோபா என்று தெளிவாக இருக்கிறது.

வேதாக்காவிடம் போனேன். முகம் மாறிவிட்டது. அவளுடைய தமிழ்க் குழுவிலேயே ஆகச் சிறந்த பதிவு இதுதானாம். அவ்வளவு மோசமான நிலையிலிருந்து முழு வாக்கியத்துக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை. இதை எடுத்தால் தேவையான எண்ணிக்கை குறையும். ஆண்டு முடிவுக்குள் சோதனை தயாராகாது.

"ஷோபாங்கற இடத்தை மட்டும் வெட்டிடலாம், கேரல்."

"அவர் வெட்டச் சொல்லல மேடம். திரும்பக் கேட்டார்."

"நீ பேசிப் பாரு. பெரியவர், சொன்னா புரிஞ்சுப்பார்."

"கையில கோலோட பஸ் மாறி வந்தவர்கிட்ட, நாங்க யோசிக்கிறோம், நீங்க போய்ட்டு வாங்கன்னு சொல்லவா?"

"உனக்கு இது ஒரு ஃபைல். எனக்கு ரெண்டு வருஷம்."

இதற்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. "அவருக்கு அது வாய் மேடம்" என்றேன். அறையில் அவளுடைய மாணவிகள் இருவர் இருந்தார்கள்.

மார்ச் 13, வியாழன்

பஸ்ஸில் அவள் முன் சீட், நான் பின் சீட். அரிசி ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்.

மார்ச் 17, திங்கள்

ஒரு கோப்பு என்று நினைத்தேன். பல்கலைக்கழகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. துறை சர்வரில் ஒன்று. ஆராய்ச்சி மாணவியின் லேப்டாப்பில் ஒன்று. அவள் பென் டிரைவில் ஒன்று. அந்தப் பென் டிரைவில் கல்யாண வீடியோவும் இருக்கிறது. அழிக்கும்போது பார்த்து அழியுங்கள் என்று கெஞ்சினாள். பார்த்துத்தான் அழித்தேன்.

கடைசியாகச் சேஷகிரி சார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ, பிரியாணித் தாத்தாவா? அவர்தானே நம்ம ஸ்டார். ஓபன் டே அன்னிக்கு அதைத்தானே போட்டோம் மேடம்."



மார்ச் 18, செவ்வாய்

தூக்கம் சரியாக இல்லை.

அந்தக் கூட்டம் சிரித்தது ஞானசேகரனைக் கேட்டு. நான் ஜூஸ் டம்ளரோடு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கு மருமகள் காதில் விழுந்தாலே பயம். நாம என்னடான்னா மைக் போட்டு மைதானத்துல ஒலிபரப்பியிருக்கோம்.

யார் கொடுத்தது? நான்தான். அந்தப் பதிவு பேச்சுப் பயிற்சி ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டது. சேஷகிரி சாருக்குக் கொடுக்குமுன் அந்தச் சம்மதப் படிவத்தைப் படித்தேனா? இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேனா? இல்லை. மேலே ஒட்டியிருந்ததை நம்பினேன். நூலகத்திலாவது புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் எண் போடுவேன். வேதாக்காகிட்ட அன்னிக்கு அப்படி நியாயம் பேசினேனே — எனக்கென்ன தகுதி இருக்கு?

பிரசன்னா காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப யாருக்கு என்ன சொல்லணும்?" என்றான். அதுதான் கேள்வி.

எத்திக்ஸ் கமிட்டிக்கு அறிக்கை எழுதினேன். என் பெயர், சேஷகிரி சார், வேதநாயகி மேடம் மூவரும் அதில் இருக்கிறோம். அனுப்புவதற்குமுன் அக்காவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

கமிட்டி. நீளமான மேஜை, பிஸ்கட் தட்டு, யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

பதிவை வெளியே விட்டது யார் என்று தலைவர் கேட்டார். நான் எழுந்தேன். படிக்காமல் அனுமதி கொடுத்தேன், தவறு என்னுடையது என்றேன். பல்கலைக்கழகப் பதிவாளர் உடனே, இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். எனக்கு நூலகத்தின் பழைய நாற்காலி கண்முன் வந்தது. மோசமான நாற்காலி இல்லை அது.

அப்போது வேதாக்கா பேசினாள். எழுந்துகூட நிற்கவில்லை. "கேரல் மேல ஒட்டியிருந்ததை நம்பினாங்க. அதை ஒட்டினது நான். எல்லாப் பதிவையும் முழுசாக் கேக்காமலேயே பெயர் நீக்கியாச்சுன்னு போட்டேன். நேரம் இல்லைன்னு போட்டேன். அவரோட பதிவை எடுத்துடறேன். சோதனை தள்ளிப் போகும். போகட்டும். அவர்கிட்ட நானே நேர்ல சொல்றேன்."

சேஷகிரி சாரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஸ்டாலில் போட்டது தன் முடிவு, யாரையும் கேட்கவில்லை என்றார்.

மூன்று பேரும் தவறு என்னுடையது என்றால் ஒரு கமிட்டி என்ன செய்யும்? தலைவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். முடிவு: அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும், மற்ற பதிவுகளை முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை எதுவும் துறையை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்கிற வேலை எனக்கும் அக்காவுக்கும்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆஸ்டின் டவுன் போகணும். வழி தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

ஹெப்பாள் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

மார்ச் 22, சனி

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

கதவைத் திறந்தது ஷோபா. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், சிரித்த முகம். "மாமா, உங்க டாக்டரம்மா வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். ஞானசேகரன் எங்களைப் பார்த்ததும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் முன்னால் வாய் திறந்துவிடுவோமோ என்று பயம். அவளிடம், "ஷோபா… பிஸ்கட்டு… மிச்சரு… வாங்கினு வா. ஸ்வல்ப நேரம் ஆனாலும் பரவால்ல" என்றார். அவள் டீயை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வேதாக்கா சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, எதையும் பூசி மெழுகவில்லை. உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பேச்சை ஒரு கூட்டத்தில் போட்டுவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். நானும் சொன்னேன்.

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். சொல் தேடுகிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"எத்தினி பேரு கேட்டாங்கோ?"

"நெறைய பேர்."

"சிரிச்சாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "சிரிச்சாங்கய்யா" என்றேன்.

"அப்போ… நான் பேசினது… அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

 அவர் எதைக் கேட்கிறார் என்று அக்காவுக்குத்தான் உடனே புரிந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. புரிஞ்சதாலதான் சிரிச்சாங்க. மெஷினுக்குக்கூடப் புரிஞ்சு எழுத்தாப் போட்டுச்சு" என்றாள்.

"மெஷினுக்கா?" என்றவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாயோரம் லேசாக இழுபட்டது. ஸ்ட்ரோக்கினால் அல்ல. பிறகு மறுபடி எங்களைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "ஆனாலும் அழிச்சுடுங்கோ."

"அழிச்சுடறோம்யா."

"நானு வந்து… கண்ணால பாக்கணும்."

"வாங்க."

ஷோபா மிக்சரோடு வந்தாள். சாப்பிட்டோம். எங்களை வழியனுப்பத் தெருமுனைவரை வந்தவள், ஆட்டோ வருவதற்குள் தணிந்த குரலில் பேசினாள்.

"மேடம், பிரியாணி விஷயந்தானே?"

ஆட்டோவுக்குக் கை காட்டப் போன அக்கா கையை இறக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான்தானே கூட்டிட்டு வந்தேன். ரூமுக்கு வெளிய பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். கதவு சரியா சாத்தல. ஸ்ட்ரோக் வந்ததுலருந்து மாமா 'தண்ணி', 'வலி' தவிர வேற ஒண்ணும் சொன்னதில்ல மேடம். அன்னிக்குத்தான் மொதல் மொதலா முழுசாப் பேசினாரு. அது என் பிரியாணிய திட்டினதா இருந்தா என்ன? பெஞ்ச்லயே உக்காந்து அழுதுட்டேன், சந்தோஷத்துல. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். பாவம், வெக்கப்படுவாரு."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உங்க மெசேஜை நானும் பாத்தேன், மாமா அதை அழிக்கத்தான் சொல்லியிருப்பாரு. அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி குடுக்கறீங்களா? ஃபோன்ல வெச்சுப்பேன். யாருக்கும் காட்ட மாட்டேன்."

கொடுக்க எனக்கு எவ்வளவு ஆசை. ஒரு கிளிக். ஆனால் அது அவளுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. "அது அவரோடதும்மா. அவரைத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுடுமே."

"ஆமா."

அவள் கையை விட்டுவிட்டாள். கோபப்படவில்லை. ஆட்டோ ரிச்சர்ட்ஸ் டவுன் வந்தது. இறங்கும்போது அக்கா, "நான் உன் இடத்துல இருந்திருந்தா குடுத்திருப்பேன்" என்றாள். "நல்லவேளை நான் இல்ல."

மார்ச் 28, வெள்ளி

சேஷகிரி சார்: "சாம்பார்ல போட்ட பெருங்காயத்தைத் திரும்ப எடுக்கச் சொல்றீங்க மேடம்." அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய இயந்திரத்தை அவர் இல்லாமல் முதலிலிருந்து பழக்க வேண்டுமாம். 'ஏனு மாடோது', என்ன செய்ய என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விட்டபடியே வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

ஞானசேகரன் வந்தார். இம்முறை ஷோபாவும் கூட வந்தாள். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதமாம். எதற்கு என்று கேட்ட அவளிடம் 'செக்கப்' என்று சொல்லி வைத்திருக்கிறார். அவளும் நம்பியதுபோல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற பிரதிகள் எல்லாம் போய்விட்டன, இது ஒன்றுதான் பாக்கி என்று காட்டினேன். அழிக்குமுன் ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நாயைப் பற்றிய இடம் வந்ததும் தோள் குலுங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அழிக்கலாமா என்று அக்கா கேட்டாள்.

"இரும்மா." யோசித்தார். "ஊரே கேட்டுச்சு. அவ ஒருத்திதான் கேக்கல. அது… நியாயமா?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டோம்.

"அந்தப் பொண்ணைக் கூப்புடுங்கோ."

ஷோபா உள்ளே வந்தாள். ஹெட்ஃபோனை அவரே எடுத்து அவளிடம் நீட்டினார். "நான் பேசினது. திட்டறதுன்னா… கேட்டுட்டுத் திட்டு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்கு ஆள் இறக்கியபோதுகூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

அவள் கேட்டாள். முதன்முறையாகக் கேட்பவள்போலத்தான் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தாள். ஷோபா கடைசிவரை கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"ஏன் மாமா, நாய்க்கு எலும்பு ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவர் தலையைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து மாணவிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவளுக்கு ஒரு காப்பி குடுத்துட்டு அழிச்சுடுங்கோ" என்றார்.

கொடுத்தேன். அவருடைய வலது விரலே பட்டனை அழுத்தியது. இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் வேதாக்கா குடும்பத்தோடு வந்தாள். பிரசன்னா பிரியாணி செய்தான். பேச்சுவார்த்தை நன்றாகவே இருந்தது.

ஜூன் 16, திங்கள்

எல்லாப் பதிவுகளையும் கேட்டு முடித்தோம். இன்னும் சிலவற்றில் பெயர்கள் இருந்தன. ஒருவர் தன் வங்கி மேலாளரை ஒரு பிடி பிடித்திருந்தார். எல்லாம் நீக்கியாயிற்று.

சோதனை இந்த வருஷம் தயாராகாது என்று நிதி கொடுத்தவர்களுக்கு எழுதிவிட்டோம். காரணத்தையும் உள்ளபடி எழுதினோம். அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பதிவாளர் என்னை இடம் மாற்றுவதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மாறாக, புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னார். சரி என்றேன். வகுப்பில் முதலில் என் ஒரு கிளிக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஞானசேகரனிடமிருந்து ஃபோன். முன்பைவிட வேகமாகப் பேசுகிறார். தங்கவயலில் அவருடைய பழைய ஆட்களில் ஸ்ட்ரோக் வந்தவர்கள் பலர் இருக்கிறார்களாம். பேசிவிட்டாராம். டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கேயே வாருங்கள் என்றார்.

"நீங்களும் மறுபடி பதிவு குடுக்கறீங்களாய்யா?"

"நானு மாட்டேம்மா. எனக்கு வாய் சும்மா இருக்காது. அவங்ககிட்ட ஒண்ணுதான் சொன்னேன். இவங்ககிட்ட அழின்னு சொன்னா அழிச்சுடுவாங்கோ, பயப்படாம பேசுங்கோன்னு."

இதுவரை எங்கள் பல்கலைக்கழகத்துக்கு யாரும் இப்படி ஒரு விளம்பரம் செய்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலை ரயிலில் தங்கவயல். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சபை மண்டபம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் போவதற்குள்ளேயே திரளாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. சிலர் சக்கர நாற்காலியில், சிலர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. சேஷகிரி சார் மைக் ஒயரை இழுத்துக்கொண்டு எல்லோரிடமும் கன்னடத்தில் பேச, அவர்கள் தமிழில் பதில் சொல்ல, இரு தரப்புக்கும் ஒரு குறையும் இல்லை. ஷோபா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். ஞானசேகரன் வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கூண்டில் ஏற்றுகிற அதே கண்டிப்பு, ஆனால் ஒரு தடவைக்கு ஒருவர்தான்.

முதலில் ஓர் அம்மா. நீலப் புடவை. நாக்கு இன்னும் குழறுகிறது. வேதாக்கா எல்லாவற்றையும் விளக்கினாள். உங்கள் பேச்சைப் பிற ஊர் ஆய்வாளர்களுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டாள். அந்த அம்மா அவசரமாகக் கையை ஆட்டினாள்.

"வேணாம்… வெளிய… யாருக்கும் வேணாம்."

நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். குறுக்கே போய் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமோ என்று.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சரிம்மா, குடுக்கல. எங்ககிட்டயே இருக்கும். நாளைக்கு எங்ககிட்டயும் வேணாம்னு தோணினா, அப்பவும் சொல்லுங்க" என்றாள். அந்த அம்மாவின் தோள் தளர்ந்தது. அக்கா மைக்கை அவள் பக்கம் நகர்த்தினாள்.

எனக்கு அங்கே வேலை இல்லை. வெளியே போய், வெயில் படாத படிக்கட்டில் உட்கார்ந்து, ஷோபா கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை சூடாகவே குடித்தேன்.